மழை பெய்தால்… : நான்கு மொழிகளில் ஒரு நிபந்தனை



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் மரம் சீவிய தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்போம் என்பார்கள். “மழை பெய்தால் இன்றைக்கு வேலை இல்லை.” அன்றைய கூலி இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை நனைந்திருந்தால், சீவிய கோட்டின் வழியாக இறங்க வேண்டிய பால் மரத்தைச் சுற்றிப் பரவி வீணாகிவிடும். மங்கில் விழுந்த பாலும் மழைநீரோடு வழிந்துவிடும்.

இன்றைய பாடம் அந்த வாக்கியத்தைப் பற்றியதுதான். ‘அறிவியல் பகுதியில் இலக்கணமா?’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். படிவம் 4, 5 மாணவர்களின் தாள்களைத் திருத்தும்போது நான் அடிக்கடி காண்பது இது: சோதனை சரி, அட்டவணை சரி, வரைபடம்கூட சரி. கருதுகோள் எழுதும் இரண்டு வரியில் மதிப்பெண் போய்விடும். அந்த மாணவருக்கு அறிவியல் தெரியும். ‘இப்படி இருந்தால் அப்படி ஆகும்’ என்ற வாக்கியத்தை எந்த வரிசையில் வைப்பது, எந்தப் பகுதி நிபந்தனை, எந்தப் பகுதி விளைவு என்பதில்தான் தடுமாற்றம்.

தடுமாற்றத்துக்குக் காரணமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தீர்கள். இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறீர்கள். ஒவ்வொரு மொழியும் நிபந்தனையை வெவ்வேறு இடத்தில் வைக்கிறது. இவற்றோடு, நமக்குப் பக்கத்தில் மலாக்காவில் ஒரு காலத்தில் ஆட்சி மொழியாக இருந்த டச்சு மொழியையும் சேர்த்துப் பார்ப்போம். நான்கையும் அருகருகே வைத்தால் குழப்பம் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிடும்.

தமிழில்: ஒரு சின்ன ஒட்டு

‘மழை பெய்தால் வீட்டில் இருப்போம்.’ இதில் நிபந்தனையைக் காட்டுவது எது? ‘பெய்தால்’ என்பதன் கடைசியில் உள்ள ‘ஆல்’. தனிச் சொல் எதுவும் தேவையில்லை. இப்படிப்பட்ட வினையெச்சத்தை நம் இலக்கண நூல்கள் பழங்காலத்திலேயே தனியாக இனம் கண்டிருக்கின்றன. தொல்காப்பியம் வரிசைப்படுத்தும் வினையெச்ச வாய்பாடுகளில் ‘செயின்’ என்பதும் ஒன்று. ‘செய்தால்’ என்பதே அதன் பொருள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வரிசை. தமிழ் எழுத்து நடையில் நிபந்தனை முன்னே, விளைவு பின்னே. பேச்சில் ‘வீட்டில் இருப்போம், மழை பெய்தால்’ என்று திருப்பிச் சொல்வதுண்டு. பாடநூலில் அப்படி அரிதாகவே வரும். ஆகவே, முதலில் வருவதுதான் நிபந்தனை என்பது நம் மனத்தில் ஊறிப்போன பழக்கம்.

இரண்டாவது, காலம். ‘பெய்தான்’, ‘பெய்தது’ என்பவற்றில் உள்ள இறந்தகால ‘த்’ தான் ‘பெய்தால்’ என்பதிலும் இருக்கிறது. நாளைய மழையைப் பற்றிப் பேசும்போதும் நாம் இறந்தகால உருவத்தையே பயன்படுத்துகிறோம். இதை நினைவில் வையுங்கள்; அடுத்த பகுதியில் தேவைப்படும்.

மலாயிலும் ஆங்கிலத்திலும்: முன்னே ஒரு சொல்

மலாயில் ‘ஜிக்கா’ அல்லது ‘கலாவ்’ என்ற தனிச் சொல் நிபந்தனைக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் ‘இஃப்’. நிபந்தனைப் பகுதியைத் தலையிலும் வைக்கலாம், வாலிலும் வைக்கலாம்.

‘ஜிக்கா ஹுஜான் தூருன் ஏசோக், காமி திங்கால் டி ரூமா.’
‘காமி திங்கால் டி ரூமா ஜிக்கா ஹுஜான் தூருன் ஏசோக்.’

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: நாளை மழை பெய்தால் வீட்டில் இருப்போம்.

முன்பு சொன்ன ‘த்’ இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. ‘வெப்பநிலை உயர்ந்தால்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பல மாணவர்கள் ‘இன்கிரீசஸ்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இன்கிரீஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் உள்ள இறந்தகாலம் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ பகுதியில் இறந்தகாலம் வந்தால், நடக்க வாய்ப்பில்லாத கற்பனையைப் பேசுவதாகவே பெரும்பாலும் பொருள்படும். கருதுகோள் கற்பனை அன்று. சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று. ஆகவே நிகழ்காலத்தில் எழுதுங்கள்.

டச்சு மொழியில்: பாதி நம் வீடு, பாதி வேறு வீடு

1641இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினார்கள். 1824இல் ஆங்கிலேயருடன் செய்த ஒப்பந்தப்படி அதை விட்டுக்கொடுத்தார்கள். லிங்கி ஆற்றின் முகத்துவாரத்தில் 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய கோட்டையின் சுவர்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் தினமும் பேசும் மலாயில் ‘டுயிட்’ (பணம்), ‘லாச்சி’ (மேசை இழுப்பறை), ‘புஞ்சிஸ்’ (பீன்ஸ்) எல்லாம் டச்சிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத் தமிழில் அலுவலகத்துக்குக் ‘கந்தோர்’ என்பார்கள். அதுவும் டச்சுச் சொல்தான். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பிலிப்பஸ் பால்தேயஸ் என்ற டச்சுக்காரர், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தம் நூலில் தமிழ் மொழிக்கு ஒரு சிறு அறிமுகத்தையும் சேர்த்தார். அவர் தமிழ் படித்ததுபோல் நாம் இன்று கொஞ்சம் டச்சு படிப்போம்.

நம் வாக்கியம் டச்சில் இப்படி இருக்கும்:

‘அல்ஸ் ஹெட் மோர்கென் ரேகென்ட், பிளைவன் வை தௌஸ்.’

அல்ஸ் = இஃப் போன்ற சொல். ஹெட் = அது. மோர்கென் = நாளை. ரேகென்ட் = மழை பெய்கிறது. பிளைவன் = தங்குகிறோம். வை = நாம். தௌஸ் = வீட்டில்.

முதல் பாதியைப் பாருங்கள். வினைச்சொல் ‘ரேகென்ட்’ கடைசிக்குப் போய்விட்டது. ஆங்கிலமும் டச்சும் ஒரே குடும்பத்து மொழிகள். ஆனாலும் ஆங்கிலத்தில் வினை இப்படிக் கடைசிக்குப் போகாது. ‘நாளை மழை பெய்தால்’ என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் நமக்கு இந்தப் பாதி பழகிய வீடு.

இரண்டாவது பாதி பழகாத வீடு. ‘வை பிளைவன்’, அதாவது ‘நாம் தங்குகிறோம்’ என்று வர வேண்டியது ‘பிளைவன் வை’ என்று திரும்பிவிட்டது. ஏன்? டச்சில் ஒரு முக்கிய விதி உண்டு: முதன்மை வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது சொல்லாக என்று அர்த்தமில்லை, இரண்டாவது இடத்தில். ‘அல்ஸ் ஹெட் மோர்கென் ரேகென்ட்’ என்ற முழு நிபந்தனையும் ஒரே பொட்டலமாக முதல் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அடுத்த இடம் வினைக்கு. அதனால் ‘வை’ பின்னால் தள்ளப்படுகிறது.

இது சரிதானா என்று சோதிக்க, வாக்கியத்தைத் திருப்புவோம்:

‘வை பிளைவன் தௌஸ், அல்ஸ் ஹெட் மோர்கென் ரேகென்ட்.’

இப்போது முதல் இடத்தில் ‘வை’, இரண்டாவது இடத்தில் ‘பிளைவன்’. விதி மாறவில்லை, அதனால் வரிசை மாறியது. நிபந்தனைப் பகுதிக்குள் வினை அப்போதும் கடைசியில்தான்.

மூன்றாவது வழியும் உண்டு. ‘அல்ஸ்’ என்ற சொல்லையே எடுத்துவிடலாம்:

‘ரேகென்ட் ஹெட் மோர்கென், டான் பிளைவன் வை தௌஸ்.’

வினையை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவந்தால் போதும், அது நிபந்தனையாகிவிடும். இதே வடிவம்தான் டச்சில் கேள்விக்கும்: ‘நாளை மழை பெய்கிறதா?’ விந்தையாக இருக்கிறதா? தோட்டத்துப் பேச்சை நினைத்துப் பாருங்கள். “மழையா? அப்ப வேலை இல்லை.” நாமும் கேள்வியை நிபந்தனையாக்கிப் பேசியவர்கள்தான்.

செய்து பாருங்கள்: ஒரு பழைய காலண்டர் அட்டையை ஏழு துண்டாக வெட்டி, மேலே சொன்ன ஏழு டச்சுச் சொற்களையும் எழுதுங்கள். எட்டாவது துண்டில் ‘டான்’ (அப்படியானால்). அட்டைகளை நகர்த்தி மூன்று வாக்கியங்களையும் அமையுங்கள். எந்த அட்டை எப்போது நகர்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் நகர்வது வினை அட்டைகள்தான்.

முதலில் வருவதெல்லாம் காரணமா?

இனி சோதனைக்கூடத்துக்கு வருவோம். இந்த வாக்கியத்தைப் படியுங்கள்:

‘லாதெக்ஸ் மெங்கும்பால் ஜிக்கா ஆசிட் டிதம்பா.’

அமிலம் சேர்த்தால் ரப்பர் பால் உறையும் என்று பொருள். இதில் நாம் மாற்றும் தற்சார்பு மாறி எது, அதற்கேற்ப மாறும் சார்பு மாறி எது? தமிழ்ப் பழக்கத்தில் முதலில் வருவதைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் மாணவர், ‘பால் உறைதல்’ தற்சார்பு மாறி என்று எழுதிவிடுவார். அங்கேயே மதிப்பெண் போயிற்று.

விதி எளிது. இடத்தைப் பார்க்காதீர்கள், அடையாளத்தைப் பாருங்கள். தமிழில் ‘ஆல்’, மலாயில் ‘ஜிக்கா’, ஆங்கிலத்தில் ‘இஃப்’, டச்சில் ‘அல்ஸ்’. அந்த அடையாளம் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதுவே நிபந்தனை. நாம் மாற்றும் மாறி அதற்குள் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘செமாகின்… செமாகின்…’ என்று எழுதும் கருதுகோளில் இரண்டு பாதியிலும் ஒரே சொல்தான். நிபந்தனைக்குத் தனி அடையாளம் இல்லை. ‘செமாகின் திங்கி சூஹு, செமாகின் திங்கி காடார் திண்டாக் பாலாஸ்’ (வெப்பநிலை உயர உயர, வினைவீதம் உயரும்) என்பதில் வரிசை மட்டுமே வேலை செய்கிறது. முதல் ‘செமாகின்’னோடு தற்சார்பு மாறி, இரண்டாவதோடு சார்பு மாறி. இங்கே திருப்பிப் போட்டால் பொருளே திரும்பிவிடும்.

பால் சொல்லும் பாடம்

வாக்கியத்தைச் சரியாக எழுதினால் மட்டும் போதுமா? அதிலிருந்து என்ன முடிவு எடுக்கிறோம் என்பது இன்னும் முக்கியம்.

ரப்பர் பாலில் உள்ள ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் ஒரு புரதப் படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலத்தில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன; பால் திரவமாக இருக்கிறது. அமிலம் சேர்த்தால் அதன் ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின்னூட்டத்தைச் சமன்படுத்துகின்றன. இனி விலக்கு விசை இல்லை. துகள்கள் மோதுகின்றன, படலம் கிழிகிறது, உள்ளே உள்ள ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. தோட்டங்களில் இதற்குப் பயன்படுத்துவது ஃபார்மிக் அமிலம். படிவம் 5 வேதியியலில் இதைப் படிப்பீர்கள்.

ஆக, ‘போதிய அளவு அமிலம் சேர்த்தால் பால் உறையும்’ என்பது உண்மை. இப்போது அதைத் திருப்புவோம்: ‘பால் உறைந்திருந்தால், யாரோ அமிலம் சேர்த்திருக்கிறார்கள்.’ இது உண்மையா?

என் பாட்டி ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஒரு நாள் வெயில் ஏறிய பிறகு பால் எடுக்கப் போனபோது, பல மங்குகளில் பால் கட்டியாகியிருந்தது. கட்டிப்பாலுக்கு விலை குறைவு. “நீ எதையோ ஊற்றிவிட்டாய்” என்று அவரைக் குற்றம் சாட்டினார்கள். அன்றைய கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. பாட்டி எதையும் ஊற்றவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு என் வேதியியல் பாடநூலைப் படித்துக் காட்டியபோதுதான், தான் சொன்னது சரி என்று பாட்டிக்குச் சொல்ல ஒரு புத்தகம் கிடைத்தது.

அந்தப் புத்தகம் சொல்வது இதுதான்: பாலை அப்படியே விட்டுவைத்தால் காற்றிலிருந்தும் கோப்பையிலிருந்தும் பாக்டீரியா அதற்குள் சேரும். அவை வளரும்போது தாமே அமிலத்தை உண்டாக்கும். கோப்பை சுத்தமாக இல்லாவிட்டாலோ வெயில் அதிகமாக இருந்தாலோ இது இன்னும் வேகமாக நடக்கும். யாரும் எதையும் ஊற்றாமலே பால் உறையும். இதைத் தடுக்கத்தான் அமோனியாக் கரைசல் சேர்க்கிறார்கள். அதன் ஹைட்ராக்சைடு அயனிகள் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தைச் சமன்படுத்திவிடும்.

பாட்டியைக் குற்றம் சாட்டியவர் செய்த தவறு, ஒரு நிபந்தனை வாக்கியத்தைத் திருப்பிப் போட்டது. படிவம் 4 கணிதத்தில் ‘பெனாஆக்குலான் லோகிக்’ பாடத்தில் இதைத்தான் படிக்கிறீர்கள். நான்கு வடிவங்களையும் பாலை வைத்தே பார்ப்போம்.

மூல வாக்கியம்: போதிய அமிலம் சேர்த்தால் பால் உறையும். உண்மை.
திருப்பிப் போட்டது (ஆகாஸ்): பால் உறைந்தால், அமிலம் சேர்க்கப்பட்டிருக்கிறது. உறுதியில்லை.
இரு பாதியையும் மறுத்தது (சோங்சாங்ஙான்): அமிலம் சேர்க்காவிட்டால் பால் உறையாது. உறுதியில்லை.
திருப்பி, மறுக்கவும் செய்தது (கொன்த்ராபொசிதிஃப்): பால் உறையவில்லை என்றால், போதிய அமிலம் சேர்க்கப்படவில்லை. உண்மை.

மூல வாக்கியம் உண்மையானால் நான்காவதும் உண்மை. இரண்டாவதையும் மூன்றாவதையும் தனியாக நிரூபிக்க வேண்டும்.

இங்கே டச்சுப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘அல்ஸ்’ பகுதியை முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் பொருள் மாறவில்லை; அடையாளம் கூடவே போயிற்று. அது சொல் வரிசையைத் திருப்புவது. ‘ஆகாஸ்’ அப்படியன்று. அதில் அடையாளம் ஒரு பாதியிலிருந்து மற்றப் பாதிக்குத் தாவிவிடுகிறது. நிபந்தனை விளைவாகிறது, விளைவு நிபந்தனையாகிறது. முதலாவது இலக்கணம், இரண்டாவது வேறு ஒரு கூற்று.

நான்கு மங்கு புதிர்

மேசையில் நான்கு மங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சீட்டின் ஒரு பக்கம் அமிலம் சேர்த்ததா இல்லையா என்று இருக்கும். மறுபக்கம் பால் உறைந்ததா இல்லையா என்று இருக்கும். உங்கள் கண்ணுக்கு ஒரு பக்கம் மட்டுமே தெரிகிறது:

அ) அமிலம் சேர்த்தது
ஆ) அமிலம் சேர்க்காதது
இ) உறைந்தது
ஈ) உறையாதது

‘அமிலம் சேர்த்தால் பால் உறையும்’ என்ற கூற்று இந்த நான்கு மங்குகளுக்கும் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். எந்தச் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்? கீழே படிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அ, இ என்று சொன்னீர்களா? வருத்தப்பட வேண்டாம். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் எழுத்தும் எண்ணும் உள்ள நான்கு அட்டைகளைக் கொண்டு இதே புதிரைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்தார். அவர்களிலும் பெரும்பாலோர் தவறினார்கள்.

சரியான விடை அ, ஈ. ‘இ’ சீட்டின் மறுபக்கத்தில் ‘அமிலம் சேர்க்காதது’ என்று இருந்தாலும் கூற்று பொய்யாகாது. பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். ‘ஈ’ சீட்டின் மறுபக்கத்தில் ‘அமிலம் சேர்த்தது’ என்று இருந்தால் கூற்று உடைந்துவிடும். நம் கருத்துக்கு ஆதரவானதை மட்டும் தேடாமல், அதை உடைக்கக்கூடியதையும் தேடிப் பார்ப்பதுதான் சோதனை.

பயிற்சி

1. ‘தி பல்ப் லைட்ஸ் அப் இஃப் தி சர்க்யூட் இஸ் கம்ப்ளீட்’ (மின்சுற்று முழுமையாக இருந்தால் விளக்கு எரியும்). இதில் நிபந்தனை எது, விளைவு எது?
2. ‘ஒளி கிடைக்காவிட்டால் செடியின் இலை மஞ்சளாகும்.’ உங்கள் வீட்டுச் செடியின் இலை மஞ்சளாகியிருக்கிறது. ஒளி கிடைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாமா?
3. ‘வை பிளைவன் மோர்கென் தௌஸ்’ (நாம் நாளை வீட்டில் தங்குகிறோம்) என்ற டச்சு வாக்கியத்தை ‘மோர்கென்’ என்ற சொல்லில் தொடங்கி எழுதுங்கள்.

விடைகள்

1. மின்சுற்று முழுமையாக இருப்பது நிபந்தனை. ‘இஃப்’ அங்கேதான் இருக்கிறது. விளக்கு எரிவது விளைவு. வாக்கியத்தில் அது முதலில் வந்ததைக் கண்டு ஏமாற வேண்டாம்.
2. சொல்ல முடியாது. நைட்ரஜன் சத்து குறைந்தாலும், வேரில் தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.
3. ‘மோர்கென் பிளைவன் வை தௌஸ்.’ முதல் இடத்தை ‘மோர்கென்’ எடுத்துக்கொண்டது. வினை இரண்டாவது இடத்தில். ‘வை’ அதற்குப் பின்னால்.